ஹார்னம் மேட்டின் ஜலதோஷ ஆய்வகம்

இங்கிலாந்தின் தெற்கில், வில்ட்ஷர் மாவட்டத்துச் சாலிஸ்பரி நகரை ஒட்டி ஹார்னம் என்றொரு மேட்டு நிலம் உள்ளது. 1946 முதல் 1990 வரை, நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்களை அங்கே வரவழைத்து, மூக்கில் ஜலதோஷக் கிருமியைச் சொட்டாக விட்டு, அடுத்தடுத்த நாட்களில் அவர்களுக்கு என்ன ஆகிறது என்று மருத்துவர்கள் கவனித்து வந்தார்கள். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய அந்த இடத்துக்கு ஜலதோஷ ஆய்வுப் பிரிவு என்று பெயர். 44 ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் அங்கே வந்து தங்கிப் போனார்கள். ஜலதோஷத்துக்கு மருந்து காண்பதுதான் தொடங்கியவர்களின் ஆசை. அது கைகூடவில்லை. ஆனால் மூக்கிலும் தொண்டையிலும் தொற்று எதனால் வருகிறது, எத்தனை நாளில் வெளியே தெரிகிறது, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எதெல்லாம் காரணமே இல்லை என்பன பற்றி இன்றைய மருத்துவம் அறிந்தவற்றில் கணிசமான பகுதி அந்த மேட்டில் விளைந்தது.

மூக்கொழுகலுக்குக் காரணம் தேடிய வரலாற்றில் தப்பான வழிகளே அதிகம். காலென் என்ற கிரேக்க மருத்துவரைப் பின்பற்றிய ஐரோப்பிய மருத்துவம், சளி மூளையில் ஊறுகிறது, மூக்குக்கு மேலேயுள்ள சல்லடை எலும்பின் துளைகள் வழியாகக் கீழே இறங்குகிறது என்று பல நூற்றாண்டுகள் நம்பியிருந்தது. 17ஆம் நூற்றாண்டில்தான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1651இல் வெளிவந்த உடற்கூற்று நூலில் நதானியேல் ஹைமோர் என்ற ஆங்கில மருத்துவர் கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையைத் தெளிவாக விவரித்தார். மேல்வரிசைப் பற்களின் வேர்களுக்கும் அந்த அறைக்கும் நடுவே எலும்பு எவ்வளவு மெல்லியது என்பதையும், பல் பிடுங்கிய ஒரு பெண்ணுக்கு அந்தக் குழி வழியாக அறையிலிருந்தே நீர் வடிந்ததையும் அவர் எழுதினார். அந்த அறை, அதாவது சைனஸ், வீங்கினால் மேல்பல் வலிப்பது ஏன் என்பதற்கு இன்றும் அதுவே விடை. சில ஆண்டுகள் கழித்து, 1660ஐ ஒட்டி, விட்டன்பர்க் பேராசிரியர் கான்ராட் விக்டர் ஷ்னைடர் மூளைக்கும் மூக்குக்கும் இடையே சளி இறங்க வழியே கிடையாது என்று காட்டினார். சளியைச் சுரப்பது மூக்கின் உட்சவ்வுதான். பல் மருத்துவர்கள் இன்றும் சைனஸின் உட்சவ்வை ஷ்னைடர் சவ்வு என்கிறார்கள்.

சளி எங்கே ஊறுகிறது என்பது தெரிந்துவிட்டது; எதனால் ஊறுகிறது என்பது தெரியவில்லை. மழையில் நனைவது, ஈரத் துணியோடு இருப்பது, வாடைக் காற்று என்று உலகம் முழுவதும் ஒரே பதில்தான் இருந்தது. 1773இல் எழுதிய ஒரு கடிதத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் இதை மறுத்தார். மூடிய அறைகளிலும் வண்டிகளிலும் நெருக்கமாக உட்கார்ந்து ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொள்வதால்தான் ஜலதோஷம் வருகிறது, குளிரால் அல்ல என்பது அவர் கணிப்பு. கிருமி என்ற எண்ணமே வேரூன்றாத காலத்தில் சொன்ன சொல் அது. அப்போது அதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் வழி இல்லை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாக்டீரியாக்கள் ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்டபோது, மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த சளியிலிருந்தும் பல வகைகள் வளர்ந்தன. 1892இல் ரிச்சர்ட் பைபர் இன்புளுயன்சா நோயாளிகளின் சளியில் ஒரு சிறு பாக்டீரியாவைக் கண்டு, அதுவே காரணம் என்று அறிவித்தார். அறிவியலின் பெயர் வரிசையில் அது இன்றும் ஹீமோபிலஸ் இன்புளுயன்சே என்றே இருக்கிறது. ஆனால் அந்தக் காய்ச்சலுக்கு அது காரணம் அல்ல. 1914இல் லைப்சிக் நகரில் வால்டர் குரூசே செய்த சோதனை சரியான வழியைத் திறந்தது. ஜலதோஷம் பிடித்த ஒரு உதவியாளரின் மூக்குநீரை உப்பு நீரில் கலக்கி, பாக்டீரியா புக முடியாத நுண்வடிகட்டியில் இறுத்து, அந்தத் தெளிந்த நீரை 12 பேரின் மூக்கில் விட்டார். 4 பேருக்கு ஜலதோஷம் வந்தது. மறுபடி 36 பேருக்கு விட்டபோது 15 பேருக்கு வந்தது. பாக்டீரியாவைவிடச் சிறிய ஏதோ ஒன்று அந்த நீரில் இருந்திருக்க வேண்டும். உலகப் போர் மூண்ட ஆண்டில் வெளிவந்ததால் அந்த முடிவு உரிய கவனம் பெறவில்லை.

1930ஐ ஒட்டி நியூயார்க்கில் அல்போன்ஸ் டோக்கஸ் அதே சோதனையைச் சிம்பன்சிகளிடமும் மனிதர்களிடமும் செய்து உறுதிப்படுத்தினார். அவரைப் போய்ப் பார்த்து வந்த இளம் ஆங்கில மருத்துவர் கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், லண்டனில் சிம்பன்சி வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால், செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையின் மாணவர்களையே தன்னார்வலர்களாக அழைத்துச் சோதனை நடத்தினார். 1933இல் வில்சன் ஸ்மித், பாட்ரிக் லெய்ட்லா ஆகியோரோடு சேர்ந்து, நோயாளிகளின் தொண்டை கழுவிய நீரைப் பெரெட் என்ற கீரி போன்ற விலங்கின் மூக்கில் விட்டு, மனித இன்புளுயன்சா வைரஸை அவர் கண்டறிந்தார். இன்புளுயன்சாவுக்கு ஒரு சோதனை விலங்கு கிடைத்துவிட்டது. ஜலதோஷத்துக்கு அப்படி ஒன்று அமையவே இல்லை. எலி, முயல், பன்றி, முள்ளெலி, அணில், பலவகைக் குரங்குகள் என்று ஆண்ட்ரூஸ் எதையும் விட்டுவைக்கவில்லை. எதற்கும் மூக்கு ஒழுகவில்லை. மனிதனுக்கு வரும் ஜலதோஷத்தை மனிதனிடம்தான் ஆராய முடியும் என்ற முடிவுக்கு அவர் வந்தது அதனால்தான். அதற்கு ஆட்களைத் தனித்தனியாக வைத்திருக்க இடம் வேண்டும். நகரத்து மருத்துவமனையில், நாள்தோறும் நூறு பேரோடு பழகும் மாணவனுக்கு வந்த ஜலதோஷம் சொட்டு நீரால் வந்ததா, பக்கத்தில் உட்கார்ந்தவனிடமிருந்து வந்ததா என்று எப்படிச் சொல்வது?

இடம் போரால் கிடைத்தது. முதல் உலகப் போரில் கொள்ளைநோய்கள் பரவிய நினைவு மாறாத காலம் அது. இரண்டாம் போரிலும் அப்படி நேரலாம் என்று அஞ்சி, ஹார்வர்டு பல்கலைக்கழகமும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் தொற்றுநோய் மருத்துவமனை ஒன்றைப் பிரிட்டனுக்குக் கொடையாகத் தந்தன. மரத்தாலான கொட்டகைகள் அமெரிக்காவில் பகுதி பகுதியாகச் செய்யப்பட்டு, 1941இல் கப்பலில் வந்து ஹார்னம் மேட்டில் பூட்டப்பட்டன. அங்கே பணியாற்றப் புறப்பட்ட செவிலியர்களில் சிலர், அவர்கள் வந்த கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் தாக்கியதால் அட்லாண்டிக் கடலில் உயிரிழந்தார்கள். எதிர்பார்த்த பெருந்தொற்று வரவில்லை. போர் முடிந்ததும் கட்டடங்கள் பிரிட்டிஷ் அரசின் கைக்கு வந்தன. ஊருக்கு வெளியே, ஒன்றுக்கொன்று தள்ளி நின்ற அந்தக் கொட்டகைகள் ஆண்ட்ரூஸ் தேடியதற்கு அப்படியே பொருந்தின. 1946 ஜூலையில் முதல் தன்னார்வலர் குழு வந்து சேர்ந்தது.

அங்கே நிலவிய ஒழுங்கை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவுகளின் நம்பகம் முழுவதும் அதில்தான் இருந்தது. ஒரு தடவைக்கு 10 நாள் தங்கல். இரண்டு அல்லது மூன்று பேருக்கு ஒரு குடியிருப்பு. உள்ளே வானொலி, புத்தகம், விளையாட்டுப் பொருட்கள், தொலைபேசி. சூடு காக்கும் பாத்திரங்களில் சாப்பாடு வாசலில் வைக்கப்படும். கொண்டுவந்தவர் போன பிறகுதான் கதவைத் திறக்கலாம். மேட்டு வெளியில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் கூடத் தங்கியவர் தவிர வேறு யாரிடமும் 30 அடிக்குள் போகக் கூடாது. வந்த முதல் சில நாட்கள் எதுவும் செய்ய மாட்டார்கள். ஊரிலிருந்தே ஜலதோஷத்தைச் சுமந்து வந்தவர் இருந்தால் அந்த நாட்களில் தெரிந்துவிடும்; அவரை ஒதுக்கிவிடுவார்கள். அதன் பிறகே மூக்கில் சொட்டு. சிலருக்கு வைரஸ் கலந்த நீர், சிலருக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது போனது என்பது வாங்கியவருக்கும் தெரியாது, முகக்கவசமும் மேலங்கியும் அணிந்து தினமும் வந்து பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. தும்மல், மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு, இருமல், தலைவலி, உடல் சூடு எல்லாவற்றுக்கும் தினமும் மதிப்பெண் போடப்பட்டது. ஒருவர் ஒரு நாளில் எத்தனை காகிதக் கைக்குட்டை பயன்படுத்தினார் என்றும் எண்ணினார்கள். நோயாளி சொல்வதை மட்டும் நம்பாமல், மூக்கொழுகலை அளக்கக் கண்டுபிடித்த எளிய அளவுகோல் அது. கேலிக்கு இடமான வேலை என்று அந்நாளில் சிலருக்குத் தோன்றியது. ஆனால் மூக்கொழுகலை அளக்க அதைவிட நேர்மையான வழி இல்லை.

தன்னார்வலர்களுக்குக் கிடைத்தது சாப்பாடும் தங்குமிடமும் ஒரு சிறு கைச்செலவுத் தொகையும்தான். செலவில்லாத விடுமுறை என்று பத்திரிகைகளில் பேர் எடுத்ததால் மாணவர்களும் இளம் தம்பதிகளும் வந்தார்கள். படிப்பதற்கு அமைதி வேண்டி வந்தவர்கள் உண்டு. தேனிலவுக்கு வந்தவர்கள்கூட உண்டு. பலர் திரும்பத் திரும்ப வந்தார்கள். எந்த இலாபமும் இல்லாமல் தங்கள் மூக்கையும் பத்து நாளையும் தந்த அந்தச் சாதாரண மனிதர்கள் இல்லாவிட்டால் இந்த வரலாறே இல்லை.

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது குளிரைப் பற்றிய பழைய நம்பிக்கை. தன்னார்வலர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வைரஸ் மட்டும். இன்னொரு பிரிவினர் வெந்நீரில் குளித்து, ஈர உடையோடு காற்று வீசும் நடைவழியில் நடுங்க நடுங்க அரை மணி நேரம் நின்று, பிறகு ஈரக் காலுறைகளோடு பல மணி நேரம் இருந்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும். வைரஸ் இல்லாமல் நனைந்து நடுங்கியவர்களுக்கு ஜலதோஷம் வரவே இல்லை. வைரஸோடு குளிரும் சேர்ந்தவர்களுக்கு முதல் தடவை கொஞ்சம் அதிகமாக வந்தது. அதைக் கொண்டு முடிவு சொல்லாமல் ஆண்ட்ரூஸ் மறுபடி செய்து பார்த்தார். இரண்டாம் தடவை கணக்குத் தலைகீழானது. குளிருக்கு அதில் பங்கில்லை என்றே அவர் எழுதினார். 1968இல் அமெரிக்காவில் ரைனோவைரஸ் என்ற ஜலதோஷ வைரஸைக் கொண்டு செய்த கவனமான சோதனையும் அதையே சொன்னது.

இந்தக் கேள்வி முற்றாக மூடப்பட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2005இல் வேல்ஸின் கார்டிப் நகரில் 90 பேரின் கால்களைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைத்திருந்தார்கள். இன்னொரு 90 பேர் வெறும் தொட்டியில் கால் வைத்திருந்தார்கள். அடுத்த நான்கைந்து நாட்களில் முதல் குழுவில் 13 பேரும் இரண்டாம் குழுவில் 5 பேரும் ஜலதோஷம் வந்ததாகச் சொன்னார்கள். கால் குளிர்ந்தால் மூக்கின் இரத்தக் குழாய்கள் சுருங்கும்; ஏற்கெனவே மூக்கில் அடங்கிக் கிடக்கும் வைரஸுக்கு அது இடம் கொடுக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆனால் அந்த ஆய்வில் யாருடைய மூக்கிலும் வைரஸ் இருந்ததா என்று சோதிக்கவில்லை. எப்படிப் பார்த்தாலும், வைரஸ் இல்லாத இடத்தில் குளிர் மட்டும் ஜலதோஷத்தை உண்டாக்காது என்பதில் மாற்றம் இல்லை. குளிர்காலத்தில் ஜலதோஷம் பெருகுவதற்குக் கதவடைத்த அறைகளில் மக்கள் நெருங்கி இருப்பது ஒரு காரணம்; வெப்பமூட்டிய அறைகளின் வறண்ட காற்று இன்னொன்று. பிராங்க்ளின் ஊகம் பெரும்பாலும் பலித்துவிட்டது.

அடுத்து, எப்படிப் பரவுகிறது? பிற்காலத்தில் பூமியையே ஒரு உயிரித் தொகுதியாகக் காணும் கையா கோட்பாட்டால் உலகப் புகழ் பெற்ற ஜேம்ஸ் லவ்லாக் அப்போது ஹார்னமில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரும் கூட இருந்தவர்களும் ஒருவர் மூக்கருகே மெல்லிய குழாயைப் பொருத்தி, ஜலதோஷக்காரருக்கு மூக்கு ஒழுகும் அதே வேகத்தில், ஒளிரும் சாயம் கலந்த நீரைச் சொட்டவிட்டார்கள். அவர் வழக்கம்போலக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு மற்றவர்களோடு கலந்திருந்தார். பிறகு விளக்கை அணைத்துப் புறஊதா ஒளியில் பார்த்தபோது அவருடைய கை, முகம், உடை, தொட்ட பொருட்கள், சாப்பாடு என்று எங்கும் சாயம் மின்னியது. ஆனால் அழுக்குப் படிந்த இடமெல்லாம் நோயைத் தொற்றவைக்கிறதா என்று பார்த்தபோது அப்படி இல்லை. கைக்குட்டையில் காய்ந்த சளி எளிதில் நோயைக் கடத்தவில்லை. ஒரே அறையில் சில மணி நேரம் இருந்ததாலேயே எல்லோருக்கும் தொற்றிவிடவும் இல்லை. ஜலதோஷம் எல்லோருக்கும் வருவதால் அது காட்டுத்தீயாகப் பரவும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரிய வியப்பு.

1950இல் ஆண்ட்ரூஸ் இன்னும் துணிந்து, ஸ்காட்லாந்தின் வடகரையை அடுத்த எய்லன் நான் ரோன் என்ற ஆளில்லாத் தீவில் 12 மாணவர்களை மாதக்கணக்கில் குடியிருத்தினார். வெளித் தொடர்பே இல்லாமல் இருந்தவர்கள் எளிதாக ஜலதோஷத்துக்கு ஆளாவார்கள் என்பது எதிர்பார்ப்பு. சொட்டுநீரால் ஜலதோஷம் ஏற்றப்பட்டவர்களை அவர்களிடம் அனுப்பியபோது தொற்றவில்லை. பின்பு இயல்பாக ஜலதோஷம் பிடித்த உள்ளூர்க் குடியானவர் ஒருவரிடமிருந்து சிலருக்குத் தொற்றியது. அந்தச் சோதனையிலிருந்து திட்டவட்டமாக எதையும் சொல்ல முடியவில்லை.

கையால் பரவுகிறதா, காற்றால் பரவுகிறதா என்ற வழக்கு பிறகு அமெரிக்காவுக்குப் போனது. 1970களில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜாக் குவால்ட்னியும் ஓவன் ஹென்ட்லியும் விரலிலிருந்து கண்ணுக்கும் மூக்குக்கும் ரைனோவைரஸ் எளிதில் போவதைக் காட்டினார்கள். 1980களில் விஸ்கான்சினில் எலியட் டிக் ஜலதோஷக்காரர்களையும் மற்றவர்களையும் ஒரே மேசையில் மணிக்கணக்காகச் சீட்டாட வைத்தார். மற்றவர்களில் பாதிப் பேர் கை முகத்தைத் தொட முடியாதபடி தடுப்பு அணிந்திருந்தார்கள். இரு பாதியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஜலதோஷம் வந்தது. காற்றே போதும் என்று அவர் முடிவு செய்தார். இரண்டு வழியும் உண்மை. எந்த வழி எந்த நேரத்தில் முந்துகிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

இத்தனைக்கும் 1950களின் நடுவரை ஜலதோஷ வைரஸை ஒருவரும் சோதனைக் குழாயில் வளர்க்கவில்லை. 1957இல் ஹார்னமுக்கு வந்த டேவிட் டிரெல் அந்த முட்டுக்கட்டையை அகற்றினார். உடலின் உள்வெப்பமான 37 பாகையில் செல்களை வளர்ப்பதுதான் எங்கும் வழக்கம். ஆனால் மூக்கு உடலின் மற்றப் பகுதிகளைவிடக் குளிர்ந்த இடம். டிரெல்லும் உடனிருந்தவர்களும் வெப்பத்தை 33 பாகைக்கு இறக்கி, ஊட்டநீரைச் சற்று அமிலப் பக்கம் மாற்றி, குழாய்களை மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தபோது வைரஸ் வளர்ந்தது. 1960இல் அந்தச் செய்தி வெளிவந்தது. அமெரிக்காவில் வின்ஸ்டன் பிரைஸ் சில ஆண்டுகளுக்கு முன்பே இதே இனத்தில் ஒன்றைப் பிடித்திருந்தார். மூக்கை இருப்பிடமாகக் கொண்ட அந்த இனத்துக்கு ரைனோவைரஸ் என்று பெயர் வந்தது.

வைரஸ் கிடைத்ததும் தடுப்பூசி வந்துவிடும் என்ற நம்பிக்கை எழுந்து, சில ஆண்டுகளிலேயே மங்கியது. ஒரு வகைக்கு உடல் உண்டாக்கும் எதிர்ப்பு இன்னொரு வகையைத் தடுக்கவில்லை. வகைகளோ கூடிக்கொண்டே போயின. 1967இல் 55 வகைகளுக்கு எண் கொடுக்கப்பட்டது, 1971இல் அது 89, 1987இல் 100. இன்று 160ஐத் தாண்டிவிட்டது. ஆண்டுதோறும் ஏன் ஜலதோஷம் திரும்பி வருகிறது என்ற பழைய கேள்விக்கு இந்த எண்ணிக்கையே பெரிய விடை.

எல்லா ஜலதோஷமும் ரைனோவைரஸ் இல்லை என்பதும் ஹார்னமில் விரைவில் தெரிந்தது. 1960களின் தொடக்கத்தில் எப்சம் ஊரின் விடுதிப் பள்ளி மாணவன் ஒருவனின் மூக்கைக் கழுவி எடுத்த நீர் பி814 என்ற எண்ணோடு வைக்கப்பட்டிருந்தது. தன்னார்வலர்களின் மூக்கில் விட்டால் ஜலதோஷம் வந்தது, ஆனால் எந்தச் செல்லிலும் அது வளரவில்லை. சுவீடனின் லுண்ட் நகரிலிருந்து வந்த பெர்டில் ஹூர்ன் புதிய உத்தியைக் கற்றுக்கொடுத்தார்: மனிதக் கருவின் மூச்சுக்குழல் துண்டை, அதன் மேலுள்ள நுண்மயிர்கள் உயிரோடு அசையும் நிலையிலேயே, ஊட்டநீரில் வைத்திருப்பது. அதில் பி814 வளர்ந்தது. 1965இல் டிரெல்லும் மால்கம் பைனோவும் அதை வெளியிட்டார்கள். ஈதர் பட்டதும் செயலிழந்ததால் அதற்குக் கொழுப்புறை உண்டு, எனவே அது ரைனோவைரஸ் அல்ல என்பது மட்டும் அப்போது தெரிந்தது. அது பார்க்க எப்படி இருக்கும்?

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஜூன் அல்மெய்டா என்ற பெண் இருந்தார். கிளாஸ்கோவில் 16 வயதில் படிப்பை நிறுத்தி ஆய்வகத் தொழிலாளியாகச் சேர்ந்து, கனடாவில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேர்ச்சி பெற்றுத் திரும்பியவர். டிரெல் அனுப்பிய மாதிரிகளில் வைரஸைச் சுற்றி முள்முடி போன்ற ஓரத்தை அவர் படமெடுத்தார். சிகாகோவில் டோரதி ஹாம்ரே தனியே கண்டுபிடித்திருந்த 229ஈ என்ற ஜலதோஷ வைரஸும், கோழிகளுக்கு மூச்சு நோய் தரும் ஒரு வைரஸும் அதே வடிவில் இருந்தன. 1968இல் எட்டு வைரஸ் அறிஞர்கள் சேர்ந்து அந்தக் குடும்பத்துக்குக் கொரோனா என்று பெயரிட்டார்கள். முடியின் பெயரைச் சூட்டிய அந்தச் சிறு குறிப்பு அரை நூற்றாண்டு கழித்து எத்தனை முறை எடுத்துப் படிக்கப்படும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்க முடியாது.

நாள் குறித்து, கைக்குட்டை எண்ணிச் சேர்த்த குறிப்பேடுகள் நோய்க்குறிகளின் கதையையும் சொல்லின. ரைனோவைரஸ் மூக்குக்குள் போய் ஏறக்குறைய 2 நாளில் குறிகள் தொடங்குகின்றன. கொரோனா வகைக்கு 3 நாளுக்குச் சற்று மேல். பின்னதில் மூக்கு அதிகமாக ஒழுகும், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும். எனினும் ஒரு ஆளைப் பார்த்து இன்ன வைரஸ் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தொண்டை அரிப்பில் தொடங்கி, தும்மலும் நீர்மூக்கும் வந்து, பிறகு சளி கெட்டியாகி மூக்கடைத்து, இருமலில் முடிவது எல்லாவற்றுக்கும் பொது. பெரியவர்களுக்குக் காய்ச்சல் அரிது. உடல் முழுக்க வலியும் திடீர்க் காய்ச்சலும் வந்தால் இன்புளுயன்சாவை நினைக்க வேண்டும். 1956இல் சிம்பன்சிகளின் ஜலதோஷத்திலிருந்து பிடிபட்ட சுவாச சின்சிட்டியல் வைரஸ் பெரியவர்களுக்குச் சாதாரண ஜலதோஷம். கைக்குழந்தைகளுக்கோ நுரையீரலின் நுண்குழல்களை அடைத்து மூச்சுத் திணற வைப்பது. ஒரே கிருமி வயதைப் பொறுத்து முகம் மாற்றுகிறது.

மூன்றாம் நாளையொட்டிச் சளி மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறுவதைப் பார்த்து, பாக்டீரியா வந்துவிட்டது என்று ஆன்டிபயாடிக் கேட்பது இன்றும் பரவலான பழக்கம். அந்த நிறம் வெள்ளணுக்களின் நொதியால் வருவது. வைரஸ் மட்டும் இருந்தாலும் வரும். சைனஸைப் பற்றிய தெளிவு 1994இல் குவால்ட்னி குழுவின் ஆய்வால் கிடைத்தது. ஜலதோஷம் தொடங்கிய சில நாட்களிலேயே 31 பேருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். 27 பேருக்குக் கன்னச் சைனஸ் பாதிக்கப்பட்டிருந்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு 14 பேரை மறுபடி பார்த்தபோது, ஆன்டிபயாடிக் இல்லாமலே 11 பேருக்கு அது தெளிந்திருந்தது அல்லது வெகுவாகக் குறைந்திருந்தது. அதாவது சைனஸ் அடைப்பு ஜலதோஷத்தின் பக்க விளைவு அல்ல, பெரும்பாலும் ஜலதோஷத்தின் ஒரு பகுதியே.

இதற்குக் காரணம் சைனஸின் அமைப்பு. கன்னச் சைனஸின் வாய் அறையின் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. சளி தானாக வழிந்து வெளியேற முடியாது. நெல்வயலில் காற்று பட்டுக் கதிர்கள் ஒரே பக்கமாகச் சாய்வதைப்போல நுண்மயிர்கள் இடைவிடாமல் அசைந்து அதை மேலே தள்ள வேண்டும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் அந்தப் பாதைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1978இல் நூலாக வெளியிட்டார். இன்றைய உள்நோக்கி சைனஸ் அறுவை சிகிச்சை அந்த அறிவின் மேல் நிற்கிறது. வைரஸால் சவ்வு வீங்கினால் வாய் அடைபடும். தேங்கிய சளியில் நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகலாம். பைபர் கண்ட பாக்டீரியாவுக்கும் அங்கே பங்கு உண்டு. இன்புளுயன்சாவுக்குத் தவறாகக் காரணம் சொல்லப்பட்ட அது, கடைசியில் சைனஸ் தொற்றிலும் குழந்தைகளின் காதுவலியிலும் தன் உண்மையான இடத்தைப் பெற்றது. பெரியவர்களின் ஜலதோஷத்தில் நூற்றுக்கு 2 அல்லது அதற்கும் குறைவானவையே இந்த நிலைக்குப் போகின்றன. 10 நாள் தாண்டியும் குறையாமை, கொஞ்சம் தேறிப் பிறகு மறுபடி மோசமாதல், ஒரு பக்கக் கன்ன வலியும் மேல்பல் வலியும், தொடர்ந்த கடுங்காய்ச்சல் ஆகியவை அதற்கான அறிகுறிகள்.

மருந்து தேடும் வேலை இவற்றோடு கூடவே நடந்தது. 1967இல் வைட்டமின் சி ஜலதோஷத்தைத் தடுக்கவில்லை என்று ஹார்னம் சோதனை சொன்னது. மூன்று ஆண்டு கழித்து லைனஸ் பாலிங் எழுதிய நூல் அதற்கு நேர்மாறான நம்பிக்கையை உலகெங்கும் பரப்பியது; ஒரு நோபல் அறிஞரின் பெயர் கவனமான ஒரு சோதனையை மறக்கடித்தது வருத்தத்துக்குரியது. 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜீன் லிண்டன்மனும் கண்டுபிடித்த, வைரஸைத் தடுக்க உடலே சுரக்கும் இன்டர்பெரான் மேல் பெரிய நம்பிக்கை வைக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில், பின்லாந்தில் மனித வெள்ளணுக்களிலிருந்து எடுத்த இன்டர்பெரானை மிக அதிக அளவில் மூக்கில் தெளித்தபோது ஜலதோஷம் தடைபட்டது. ஆனால் தொடர்ந்து பயன்படுத்தினால் மூக்கு எரிந்து இரத்தம் கசிந்தது. ஜலதோஷத்தைவிடத் துன்பம் தரும் மருந்தை யார் போட்டுக்கொள்வார்கள்? துத்தநாக மிட்டாய்களும் சோதிக்கப்பட்டன. முடிவு உறுதியாக இல்லை.

கடைசி ஆண்டுகளில் ஷெல்டன் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளரோடு சேர்ந்து செய்த ஆய்வு, காரணம் என்ற சொல்லின் எல்லையை விரித்தது. 394 பேரிடம் வாழ்க்கையின் நெருக்கடிகளைக் கேட்டுக் குறித்துவிட்டு, ஐந்து வைரஸ்களில் ஒன்றை மூக்கில் விட்டார்கள். 82 விழுக்காட்டினருக்கு வைரஸ் தொற்றியது, ஆனால் 38 விழுக்காட்டினருக்கே ஜலதோஷம் வெளிப்பட்டது. மன அழுத்தம் குறைந்தவர்களில் 27 விழுக்காடு, மிகுந்தவர்களில் 47 விழுக்காடு. வயது, புகைப்பழக்கம், உறக்கம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு நீடித்தது. வைரஸ் உள்ளே போவதும் நோய் வருவதும் ஒன்றல்ல என்பது இவ்வளவு தெளிவாக எண்களில் காட்டப்பட்டது அங்கேதான்.

1991இல் அந்த ஆய்வு அச்சானபோது ஹார்னம் பிரிவு மூடப்பட்டிருந்தது. தடுப்பூசியும் மருந்தும் கைக்கு வராத ஆராய்ச்சிக்குப் பணம் தொடரவில்லை. மூடிய ஆண்டான 1990இல் இன்னொரு சிறு ஆய்வும் வெளிவந்தது. 15 பேரின் மூக்கில் 229ஈ கொரோனா வைரஸை விட்டு, அவர்களின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏறி இறங்குவதை ஓர் ஆண்டு தொடர்ந்து அளந்தார்கள். 10 பேருக்குத் தொற்றியது, 8 பேருக்கு ஜலதோஷம் வந்தது. ஓராண்டுக்குள் எதிர்ப்பொருள் வெகுவாக இறங்கிவிட்டது. அதே வைரஸை மறுபடி விட்டபோது, முன்பு தொற்றியவர்களில் திரும்பி வந்த 9 பேரில் 6 பேருக்கு மீண்டும் தொற்றியது. ஆனால் யாருக்கும் ஜலதோஷம் வரவில்லை. 30 ஆண்டுகள் பெரிதாக யாரும் எடுத்துப் பார்க்காத அந்தத் தாளை, 2020இல் புதிய கொரோனா வைரஸுக்கு எதிர்ப்பாற்றல் எவ்வளவு காலம் நிற்கும் என்று அறிய விரும்பிய ஆய்வாளர்கள் தேடி எடுத்தார்கள்.

2021இல் லண்டன் ராயல் ப்ரீ மருத்துவமனையில் 36 இளம் தன்னார்வலர்களைத் தனியறைகளில் தங்கவைத்து, கோவிட்-19 வைரஸை அளந்து மூக்கில் சொட்டாக விட்டார்கள். தனிமை, சொட்டு, தினசரிக் குறி மதிப்பெண் என்று முறை ஹார்னமில் வகுத்ததே. கணக்கில் எடுத்த 34 பேரில் 18 பேருக்குத் தொற்றியது. முதலில் தொண்டையிலும் பிறகு மூக்கிலும் வைரஸ் தென்பட்டு, ஐந்தாம் நாளை ஒட்டி உச்சத்தை அடைந்தது. எவருக்கும் நோய் கடுமையாகவில்லை.